குனியாத வேலை

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் படிக்க வைத்த அம்மாக்கள் எல்லாரும் ஏதாவது ஒரு நாளில் சொல்லியிருப்பார்கள்: "குனியாத வேலைக்குப் போ." விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே உள்ள ஊர்களில் இதற்கு விளக்கம் தேவையில்லை. நடவுக்குக் குனிய வேண்டும். களையெடுக்கக் குனிய வேண்டும். மல்லாட்டை பிடுங்கக் குனிய வேண்டும். கரும்பை அடியோடு வெட்டக் குனிய வேண்டும். வீட்டுக்கு வந்தால் வாசல் பெருக்க, பாத்திரம் தேய்க்க, துணி அலச மறுபடியும் குனிய வேண்டும். அந்த அம்மாக்கள் மகள்களுக்காக முதலில் கேட்டது நிமிர்ந்த முதுகைத்தான். சம்பளமும் மரியாதையும் அதற்குப் பிறகுதான்.

அப்படிக் கேட்ட ஓர் அம்மாவின் மகள் என் தோழி. பள்ளியில் என்னோடு படித்தவள். சென்னையில் பல் மருத்துவம் படித்துவிட்டுத் திண்டிவனத்தில் சொந்தமாகச் சின்ன கிளினிக் வைத்திருக்கிறாள். வாரத்தில் மூன்று மாலைகள் விழுப்புரத்தில் வேறொருவருடைய கிளினிக்குக்குப் போய் வேர் சிகிச்சை செய்கிறாள். அங்கே மாதச் சம்பளம் கிடையாது. பார்க்கும் நோயாளிகளுக்கு ஏற்பப் பங்கு. இருபது வருடத்துக்கு மேலாகப் பிறர் வாய்க்குள் பார்த்தபடி வாழ்கிறாள். அவளுடைய அம்மா ஊரில் பெருமையாகச் சொல்வது, "எம் பொண்ணு குளுகுளு ரூம்ல சேர்ல உக்காந்து வேலை பாக்குது" என்று.

அந்தச் சேரில் உட்கார்ந்து அவள் செய்யும் வேலை என்ன என்பதை ஒருநாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மனித வாய் அதிகம் திறந்தாலும் இரண்டு மூன்று விரல் அகலம்தான். அதற்குள் கடைசிக் கடைவாய்ப்பல், அதன் பின்பக்கம், அதில் மில்லிமீட்டர் கணக்கில் ஒரு துளை. நோயாளி எச்சில் விழுங்குவார், நாக்கை அசைப்பார், இருமுவார். நடுவே அவள் கை நடுங்கக் கூடாது. தலையை முன்னால் நீட்டி, வலப்பக்கம் சாய்த்து, இடுப்பிலிருந்து திருகி, வலது முழங்கையை உடம்பிலிருந்து தூக்கி, அப்படியே இருபது நிமிடம் உறைந்து நின்றது அந்த உடம்பு. கால் மட்டும் மிதிகட்டையை அழுத்திக்கொண்டிருந்தது.

வயலில் குனிகிற பெண்ணாவது அசைகிறாள். நாற்றைப் பிரிக்கிறாள், ஊன்றுகிறாள், ஓர் அடி பின்னால் நகர்கிறாள். இங்கே அசைவே இல்லை. தசை சுருங்கியே இருந்தால் அதற்குள் ஓடும் சிறு ரத்தக்குழாய்கள் நெருக்கப்படுகின்றன. ஓய்வு கிடைத்தால்தான் ரத்தம் தடையில்லாமல் பாயும்; ஓய்வு கிடைக்காத தசை களைத்து, இறுகி, நாளடைவில் புண்ணாகிறது. மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. கழுத்தின் மேல் நேராக இருக்கும்வரை அந்த எடை நமக்குத் தெரிவதில்லை. முன்னால் சாயச் சாயக் கழுத்தின் பின்தசைகள் அதைக் கயிறு போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அவளுக்கு முதலில் வந்தது கழுத்து வலி. பிறகு வலது தோள்பட்டை. பிறகு கட்டைவிரலின் அடிமூட்டு. இப்போது ராத்திரியில் விரல்கள் மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிறாள். தைலம் தேய்த்தாள், நொச்சி இலை போட்டு ஒத்தடம் கொடுத்தாள், ஊரில் ஒரு கிழவியிடம் போய்ச் சுளுக்கு எடுத்தாள். கடைசியில் எலும்பு மருத்துவர் ஒருவரைப் பார்க்கப் போனோம். நானும் கூட இருந்தேன். எத்தனை பிள்ளைகள், சுகப்பிரசவமா ஆபரேஷனா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். எடையைப் பார்த்தார். "நாப்பதைத் தாண்டினா லேடீஸுக்கு இதெல்லாம் வரும்மா" என்று சொல்லி, கால்சியம் மாத்திரையும் வலிக்கு ஒரு மாத்திரையும் எழுதினார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. தானும் ஒரு மருத்துவர் என்று அவளும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன், ஏன்டி சொல்லலை என்று. "சொல்லி என்ன? டாக்டருக்கே வலியான்னு சிரிப்பாங்க" என்றாள்.

அவர் கேட்காமல் விட்ட கேள்விக்கு 300 ஆண்டு வயது ஆகிறது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸினி 1700இல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, நீ என்ன தொழில் செய்கிறாய் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்கு அதில் சொன்னார். நின்றே வேலை செய்பவர்கள், உட்கார்ந்தே வேலை செய்பவர்கள், குனிந்தே தைப்பவர்கள் என்று ஒவ்வொருவர் உடம்பிலும் தொழில் எப்படிப் படிகிறது என்று பார்த்தவர் அவர். பெண்களிடம் இந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: வீட்டில் என்ன வேலை, எத்தனை மணி நேரம்? என் தோழியின் கழுத்து கிளினிக்கில் மட்டும் தேயவில்லை. ஒன்பது மணிக்குமேல் வீட்டுக்குப் போய் மாவாட்டிப் பாத்திரம் கழுவும் கழுத்தும் அதுதான்.

பெண்ணின் வலிக்குப் பெண்ணின் உடம்பிலேயே காரணம் தேடுவது நெடுநாள் பழக்கம். கனடாவைச் சேர்ந்த பணிச்சூழலியல் அறிஞர் கேரன் மெஸ்ஸிங் 1998இல் வெளியிட்ட நூலுக்கு 'ஒற்றைக்கண் அறிவியல்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். தொழில்சார் நோய்களைப் பற்றிய ஆய்வு சுரங்கத்தையும் கட்டுமானத்தையும் பார்த்த கண்ணால், பெண்கள் செய்யும் 'லேசான' வேலைகளைப் பார்க்கவில்லை என்பது அவருடைய வாதம். மூட்டை தூக்கினால் அது உழைப்பு. இருபது நிமிடம் அசையாமல் ஒரு கருவியைக் கிள்ளிப் பிடித்திருந்தால் அது உழைப்பாகத் தெரிவதில்லை.

பல் மருத்துவத்தில் இந்த வலி ஒருத்தியின் துரதிர்ஷ்டம் அல்ல. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் ஒரு மதிப்பாய்வு வெளியானது. பல் மருத்துவர்கள், பல் சுகாதாரப் பணியாளர்கள், மாணவர்கள் ஆகியோரிடையே தசை, மூட்டு வலி 64 முதல் 93 விழுக்காடு வரை இருப்பதாக அந்த ஆய்வுகள் காட்டின. பத்தில் ஆறு பேருக்குக் குறையாமல் ஒரு தொழிலில் வலிக்கிறது என்றால், பிழையை உடம்பில் தேடுவது நியாயமில்லை. வேலை அமைந்திருக்கும் விதத்தில் தேட வேண்டும்.

விவசாயத்தில் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. கலிஃபோர்னியாவின் வயல்களில் மெக்சிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களுக்கு மிகக் குட்டையான பிடி போட்ட களைக்கொத்தைக் கொடுத்தார்கள். நாள் முழுக்க இடுப்பை இரண்டாக மடித்தால்தான் அதைப் பிடிக்க முடியும். பிடி குட்டையாக இருந்தால்தான் வேலை சுத்தமாக நடக்கும் என்றார்கள் பண்ணை முதலாளிகள். முதுகு உடைந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1975இல் அந்தக் கருவி தடை செய்யப்பட்டது. நீளமான பிடி வந்தது. பயிர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. முதுகு பலவீனமானது என்று சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் அந்தப் பிடி நீண்டிருக்காது.

பல் மருத்துவத்தின் குட்டைப் பிடி எது? முதலில் நாற்காலி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பல் மருத்துவர் நின்றுதான் வேலை செய்தார். நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். 1950களின் இறுதியில் நோயாளியைப் படுக்க வைக்கும் சாய்வு நாற்காலி வந்தபின் மருத்துவரும் உட்கார்ந்தார். காலுக்கு ஓய்வு கிடைத்தது; பாரம் கழுத்துக்கும் தோளுக்கும் போனது. யாருடைய உயரத்துக்கு அந்த இருக்கைகள் செய்யப்பட்டன என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் லூசி ஹாப்ஸ் டெய்லரை 1861இல் பெண் என்பதற்காகப் பல் மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொள்ள மறுத்தது. அதே கல்லூரி 1866இல் அவருக்குப் பட்டம் கொடுத்தது. உலகில் பல் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண் என்று அறியப்படுபவர் அவர். இன்று நம் பல் மருத்துவ வகுப்புகளில் பெண்களே அதிகம். ஆனால் விழுப்புரம் கிளினிக்கில் இருக்கும் ஸ்டூலை எவ்வளவு இறக்கினாலும், ஐந்தடிக்கும் குறைவான என் தோழியின் குதிகால் தரையில் முழுதாகப் படாது. ஸ்டூலின் நுனியில் தொற்றிக்கொண்டு, முதுகுச் சாய்வை ஒருநாளும் தொடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

இரண்டாவது குட்டைப் பிடி கண்ணுக்குத் தெரியாதது. அன்று ஒரு பெரியவரின் மேல் கடைவாய்ப் பல்லைப் பார்த்தாள். அவர் மோவாயைத் தூக்கித் தலையைக் கொஞ்சம் திருப்பினால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தே பார்த்திருக்கலாம். அவள் அவரிடம் சொல்லவில்லை. தானே எழுந்து பாதி நின்று அவர்மேல் வளைந்தாள். "பெரியவங்களை அப்படித் திரும்புங்க இப்படித் திரும்புங்கன்னு சொல்ல ஒரு மாதிரியா இருக்குடி. நாமதான் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கணும்" என்றாள். வளைந்து கொடுத்துப் போ, அனுசரித்துப் போ என்று நமக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தது நம் முதுகெலும்புக்கும் கேட்டிருக்கிறது. நோயாளியின் தலைக்குத் தலையணை வைக்கிறோம். உதவியாளரின் நேரத்துக்கு இரங்குகிறோம். வாங்கிப் போட்டவரின் ஸ்டூலுக்கு நம் காலை நீட்டிக்கொள்கிறோம். அந்த அறையில் தன் உடம்பு ஒன்றுக்குத்தான் அவள் இடம் ஒதுக்கவில்லை.

இனி, தடுப்பு. தமிழ் படித்தவளுக்கு 'வலி' என்ற சொல்லோடு ஒரு வழக்கு எப்போதும் உண்டு. பழந்தமிழில் வலி என்றால் வலிமை. குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அரசன் போருக்குப் போகுமுன் அறிய வேண்டியவை அவை. பணிச்சூழலியல் சொல்வதையும் இந்த மூன்று தலைப்புகளுக்குள் வைத்துவிடலாம் என்று தோழியிடம் சொன்னேன். "அப்ப நீயே கிளாஸ் எடு" என்றாள். எடுப்பது நானாக இருந்தாலும் சரக்கு அவளுடையது.

இடம்: உட்காரும்போது இரு பாதங்களும் தரையில் படிய வேண்டும். தொடை இடுப்பிலிருந்து முழங்காலுக்குச் சற்றே சரிய வேண்டும். நோயாளியின் வாய் மருத்துவரின் முழங்கை உயரத்தில் வர வேண்டும். கண்ணிலிருந்து 35, 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மேல்வரிசைப் பல்லுக்கு நாற்காலியை நன்றாகப் படுக்க வைத்து மோவாயைத் தூக்கச் சொல்ல வேண்டும். கீழ்வரிசைக்கு நாற்காலியைச் சற்று உயர்த்தி மோவாயை இறக்கச் சொல்ல வேண்டும். நேராகத் தெரியாததைக் கண்ணாடியில் பார்க்கப் பழக வேண்டும். விளக்கை நோயாளியின் தலைக்கு மேலே, தன் பார்வைக் கோட்டுக்கு அருகில் வைக்க வேண்டும். சரியான கோணத்தில் பொருத்திய உருப்பெருக்கிக் கண்ணாடி கழுத்தைக் காக்கும். கோணம் தப்பினால் அதுவே கழுத்தை இழுத்துக் கீழே தள்ளும்.

வலி, அதாவது செலுத்தும் விசை: மெல்லிய கைப்பிடியைக் கிள்ளிப் பிடிக்க விரல் அதிகம் உழைக்க வேண்டும். தடிமனாகவும் எடை குறைவாகவும் உள்ள கைப்பிடி அந்தப் பாரத்தைக் குறைக்கும். மழுங்கிய கருவி காறையைச் சுரண்ட இரண்டு மடங்கு அழுத்தச் சொல்லும். சாணை பிடிப்பது கைக்குச் செய்யும் வைத்தியம். கையுறை இறுக்கமாக இருந்தால் கட்டைவிரல் நாள் முழுக்க ஒரு ரப்பர் பட்டையோடு மல்லுக்கட்டுகிறது. கிளினிக்கில் எல்லாருக்கும் ஒரே அளவுப் பெட்டி வாங்குவது சிக்கனமாகத் தெரியலாம். அந்தச் சிக்கனத்தின் செலவு வேறொருவர் மணிக்கட்டில் ஏறுகிறது.

காலம்: ஒரே மாதிரியான கடினமான சிகிச்சைகளை வரிசையாக அடுக்கக் கூடாது. ஒரு வேர் சிகிச்சைக்குப் பிறகு ஒரு பரிசோதனை, பிறகு ஓர் அளவெடுப்பு என்று மாற்றி மாற்றி வைத்தால் தசைக்கு மூச்சு கிடைக்கும். சிகிச்சையின் நடுவிலேயே சில நொடிகள் கையைத் தொங்கவிட்டு, தோளைப் பின்னால் சுழற்றி, தூரத்தில் எதையாவது பார்க்க வேண்டும். வலி வந்தபின் ஒரு மணி நேரம் செய்யும் உடற்பயிற்சியைவிட, வலி வருமுன் அடிக்கடி எடுக்கும் இந்தச் சின்ன ஓய்வுகள் முக்கியம். உடற்பயிற்சியும் வேண்டும்; ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் பொறுப்பு மறுபடியும் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. பங்குக்கு வேலை செய்பவள் காலத்தைத் தன் இஷ்டத்துக்கு எப்படி அடுக்குவாள்? வரிசையை எழுதுவது வரவேற்பு மேசை. ஒரு நோயாளியைக் குறைத்தால் குறைவது அவளுடைய வருமானம். தடுப்பு என்பதில் பாதி, யார் நேரத்தை யார் வகுக்கிறார்கள் என்ற கேள்விதான்.

தோழி திண்டிவனத்தில் தன் சொந்த கிளினிக்கில் ஸ்டூலை மாற்றிவிட்டாள். குட்டையான தண்டு பொருத்திய, குதிரைச் சேணம் போல வளைந்த இருக்கை. இரண்டு வேர் சிகிச்சைக்கு வாங்கும் பணத்துக்குள் முடிந்தது. வலி போய்விடவில்லை, கட்டைவிரல் மூட்டு தேய்ந்தது தேய்ந்ததுதான். ராத்திரி எழுவது குறைந்திருக்கிறது. பெரியவர்களிடம் "தலையைக் கொஞ்சம் திருப்புங்கய்யா" என்று சொல்லப் பழகிவிட்டாள். அவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆனால் கிளினிக்கில் சம்பளத்துக்கு இருக்கும் இன்னொரு பெண்ணைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. விழுப்புரத்தில் ஒரு கிளினிக்கில் என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்த மாணவி ஒருத்தி உதவியாளராக இருக்கிறாள். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பது. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, சிமெண்ட் குழைப்பது, கருவிகளைக் கழுவிக் கொதிகலனில் வைப்பது, தரை துடைப்பது. இவ்வளவும் நின்றுகொண்டே. நாற்காலியின் அந்தப் பக்கத்திலிருந்து எட்டிக் குழாயைப் பிடிக்கும்போது அவள் உடம்பு மருத்துவரின் உடம்பைவிட அதிகம் திருகுகிறது. அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். நான்கு கைகளால் செய்யும் சிகிச்சை என்று பாடப்புத்தகம் சொல்வதில், உதவியாளரும் உட்கார்ந்திருக்க வேண்டும். மருத்துவரைவிடச் சற்று உயரமாக, கால் வைக்க வளையம் போட்ட இருக்கையில். அந்த இரண்டாவது ஸ்டூலை நான் எங்கள் பக்கத்து கிளினிக்குகளில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நம் மாநிலத்தில் உட்காரும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா சட்டமன்றத்துக்கு வந்து நிறைவேறியது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு ஊழியர் எல்லாருக்கும் இருக்கை தர வேண்டும் என்கிறது அது. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு. நமக்கு முன்னால் 2018இல் கேரளம் இதைச் செய்தது. அங்கே அதற்குப் பின்னால் இருந்தது கோழிக்கோட்டில் தையல் தொழிலாளி விஜி முன்னின்று கட்டிய 'பெண்கூட்டு' அமைப்பு. மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுத் தொடங்கிய போராட்டம், உட்கார நாற்காலி கேட்பதில் போய் நின்றது. தொழிற்சாலைகளுக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்ற பிரிவு இருந்தது. எழுதி வைத்த சட்டம் தானாக நடந்து வந்து நாற்காலி போடாது. கேட்க ஓர் ஆள் வேண்டும். கேட்பவளுக்குப் பக்கத்தில் நிற்க இன்னும் சில பேர் வேண்டும்.

அதனால் என் மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான். வேலைக்குச் சேரும்போது சம்பளத்தோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: உட்கார இடம் இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா? பல் மருத்துவம் படிக்கும் பெண்களே, முதல் நாளிலிருந்தே கல்லூரியில் இருக்கும் ஸ்டூலில் உங்கள் கால் தரையில் படுகிறதா என்று பாருங்கள். படாவிட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நாளைக்குச் சொந்த கிளினிக் தொடங்கினால் இரண்டு ஸ்டூல் வாங்குங்கள்.

அந்த மாணவி போன மாதம் தைரியமாகத் தன் முதலாளியிடம் கேட்டுவிட்டாள். "இடம் எங்கம்மா இருக்கு?" என்றாராம். எங்கே போடலாம் என்று காகிதத்தில் படம் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். நாற்காலிக்கு இடப்பக்கம், கைகழுவும் தொட்டிக்கு முன்னால், ஒன்றரை அடி. பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். இதை எழுதும்வரை ஸ்டூல் வரவில்லை. இந்த வாரம் மறுபடியும் கேட்கப் போவதாகச் சொன்னாள்.